கொல்லிகளின் எண்ணிக்கை

"முட்டை ஒத்துக்குமாக்கா உங்களுக்கு?" என்று ஜெபக்கனி சிஸ்டர் கேட்டபோது பதில் சொன்னது ஆவுடைச்செல்வி இல்லை, பக்கத்து நாற்காலியில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள் மாமியார் சங்கரவடிவு. "முட்டையா? ஏம்மா, தெருவுல முட்டை ஓடு கிடந்தாக்கூட நாங்க சுத்திப் போறவங்க. சைவப் பிள்ளைமாரு." சிஸ்டர் தாளில் எதையோ குறித்தபடி, "அதுக்கில்லம்மா, இந்த பாட்டில்ல சோயா எண்ணெயும் முட்டை மஞ்சக்கருவுல எடுத்த கொழுப்பும் இருக்கு. ஒத்துக்காதவங்களுக்கு ஏத்தக்கூடாது. எல்லார்ட்டயும் கேக்கதுதான்" என்றாள். சங்கரவடிவு மேலே கம்பியில் தொங்குகிற பாட்டிலைப் பார்த்தாள், பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது. மருமகளைப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாய் வழியாப் போகலைல்லா. நரம்பு வழியாப் போறதுக்கு சைவம் என்ன, அசைவம் என்ன, நீ ஏத்தும்மா" என்றாள். எவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது சட்டம், என்று ஆவுடை நினைத்தாள், கேட்டு முடித்து எச்சில் விழுங்குகிற நேரம்கூட ஆகவில்லை, ஐந்நூறு வருடத்துச் சைவம் ஊசி முனையில் ஒதுங்கி வழிவிட்டு நின்றுவிட்டது. வேண்டுமென்றால் இவளால் முடிகிறது. வேண்டுமென்றால் எல்லாம் முடியும் இவளுக்கு. அன்றைக்கு மட்டும் ஏன் வேண்டியிருக்கவில்லை. ஊசி புறங்கையில் ஏறியது, சிஸ்டர் பிளாஸ்டர் ஒட்டினாள், சக்கரத்தைத் திருகினாள், வெள்ளைச் சொட்டு ஒன்று விழுந்தது, இன்னொன்று விழுந்தது. "மூணு மணி நேரம் ஆகும்க்கா. குளிருச்சுன்னா சொல்லுங்க" என்று போய்விட்டாள். ஜன்னலுக்குக் கீழே பஞ்சர் கடையில் காற்று அடைக்கிற இயந்திரம் ஓடத் தொடங்கி, மூச்சு வாங்கி, நின்றது.

மூன்று மணி நேரம். மூன்று வாரம். நான்கு குழந்தைகள், குழந்தைகள் என்று சொல்லக்கூடாது என்று டாக்டர் சொன்னாள், எட்டு வாரத்தில் போனதைக் குழந்தை என்று நினைத்தால் மனசு தாங்காதும்மா என்று, சரி நான்கு எட்டு வாரங்கள், ஒன்றுக்கு மட்டும் பத்து. இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் அந்த டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். ஆவுடைச்செல்வி, முப்பத்துநான்கு வயது, என்.கே. செல்கள் பத்தொன்பது சதவீதம், பன்னிரண்டுக்குள் இருக்க வேண்டும். "உங்க உடம்புல இயற்கையாவே இருக்கிற கொலையாளி செல்கள் கொஞ்சம் ஜாஸ்தி. கருவை அந்நியன்னு நெனச்சு அட்டாக் பண்ணுது. டிரிப் போட்டு அமைதிப்படுத்தலாம்." அமைதிப்படுத்தலாம் என்றபோது டாக்டர் இரண்டு உள்ளங்கைகளையும் காற்றில் மெல்ல அமுக்கிக் காட்டினாள், குரைக்கிற நாயைப் படு படு என்பதுபோல. ஆவுடை அதைக் கேட்டாள், அவள் கணவன் குற்றாலநாதன் செருப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டான், சங்கரவடிவு ஒரே ஒரு சொல்லை மட்டும் கேட்டாள். வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போதே தென்காசியில் கட்டிக்கொடுத்திருக்கிற மகள் உலகநாயகிக்குப் போன் போட்டாள். "ஏட்டி உலகு, கேட்டியா, காரணம் தெரிஞ்சு போச்சு. இவ ரத்தத்துலயே கொலைகாரன் இருக்கானாம். இவளே கொல்லுதாளாம், தெரியாமலே." சாயங்காலத்துக்குள் ராஜவல்லிபுரத்துச் சித்தி, கடையத்து அத்தான், மாமனாருக்கு மூத்தவரான சென்னைப் பெரியவர் வீடு, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாமலே என்ற சொல் போகிற வழியில் எங்கேயோ உதிர்ந்தும்விட்டது. பெரியவர் வீட்டு அக்கா போனில் கேட்டாள், "ஏன் ஆவுடை, ராத்திரி நாதன் பக்கத்துல படுக்கானே, அவனுக்கு ஒண்ணும் ஆகாதே?" வேடிக்கைக்குத்தான் கேட்டாள். வேடிக்கைக்குத்தானா.

பதினோரு வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறவளுக்கு இது புதிய சொல் இல்லை. ஆங்கில வழிக்கு நேச்சுரல் கில்லர், தமிழ் வழிக்கு இயற்கைக் கொல்லி செல்கள், ஏதோ வேப்பம்புண்ணாக்கில் செய்த பூச்சி மருந்து மாதிரி. இரண்டு மதிப்பெண் கேள்வி, பாதி வருடம் வராது. பஸ்ஸில் செக்கர் ஏறுவதை வைத்து நடத்துவாள். ரத்தத்துக்குள் ஏறி ஒவ்வொரு செல்லாகத் தொட்டுத் தொட்டுப் போவார் இந்தச் செக்கர், உடம்பின் சொந்தச் செல் ஒவ்வொன்றும் நான் இந்த வீட்டுக்காரன் என்று மேல்தோலில் ஓர் அடையாளத்தை நீட்டிக்கொண்டிருக்கும், அதைத் தொட்டதும் செக்கரின் கை தாழ்ந்துவிடும், அடுத்த ஆளிடம் போய்விடுவார். வைரஸ் புகுந்த செல்லும் புற்றாக மாறிய செல்லும் மற்றக் காவலர்களிடம் தப்பிக்க அந்த அடையாளத்தையே உள்ளே இழுத்து மறைத்துக்கொள்ளும். அங்கேதான் மாட்டும். எதிரியின் முகம் தெரிந்து கொல்வதில்லை இந்தச் செல், முன்பின் பார்த்திருக்கவும் தேவையில்லை, நம்முடையது என்று காட்ட வேண்டிய ஒன்று இல்லாமல் இருந்தால் போதும். "அப்ப டிக்கெட் இல்லாதவன் கதி என்ன?" என்று வகுப்பைக் கேட்டாள் ஒருமுறை. கடைசி பெஞ்சுக்காரி எழுந்து, "டீச்சர், கண்டக்டர் குடுக்கலைன்னா அவன் என்ன செய்வான்?" என்றாள். வகுப்பே சிரித்தது, ஆவுடையும் சிரித்தாள், உட்காருட்டி என்றாள். கண்டக்டர் கொடுக்கவில்லை. ஒன்பது வருடம் கை நீட்டி நின்றாள், கொடுக்கவில்லை. சொட்டு விழுகிறது. ரிப்போர்ட் வந்த பிறகு பள்ளிக்கூட ஆய்வகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டு நேரங்களில் வாசித்ததில் இரண்டு விஷயம் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. ஒன்று, கருப்பையில் இருப்பவை வேறு. பெயர் ஒன்றுதான், குணம் வேறு. முதன்முதலில் ரத்தத்தில் பார்த்தவர்கள் கொல்வதைப் பார்த்தார்கள், கொல்லி என்று எழுதிவிட்டார்கள். கருப்பையில் கூட்டம் கூட்டமாக வந்து நிற்பவை கொல்வதற்கு நிற்கவில்லை, தாயின் ரத்தக் குழாயை அகலப்படுத்திக் குழந்தைக்கு வழி வெட்டிக்கொடுக்க நிற்கின்றன, முழங்கை மடிப்பில் எடுத்த ரத்தத்தில் எண்ணி அங்கே நடப்பதைச் சொல்ல முடியாது. ஆக இந்தப் பத்தொன்பது ஒன்றுமில்லை. இந்த வெள்ளைப் பாட்டிலும் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டாவது விஷயம் அதைவிட மோசம். இந்தச் செல்கள் எல்லாமே பிறவியிலேயே ஆயுதத்தோடு திரிவதில்லையாம். வளர்கிற காலத்தில் சொந்த வீட்டு அடையாளத்தை ஓயாமல் தொட்டு, தொட்டபோதெல்லாம் அடங்கி, அடங்கிப் பழகினவற்றுக்குத்தான் கொல்லும் திறன் முழுதாக வரும். யாராலும் அடக்கப்படாதவை சாதுவாகவே இருந்துவிடும். இதை வாசித்த அன்றைக்கு டிபன் டப்பாவைத் திறக்காமலே மூடிவிட்டாள்.

"கால் ஐஸா இருக்கேட்டி" என்று சங்கரவடிவு சொன்னாள். எப்போது குனிந்தாள் என்று தெரியவில்லை, போர்வைக்குள் கையை விட்டுப் பாதத்தைப் பிடித்திருந்தாள். உள்ளங்கை சொரசொரவென்று சூடாக இருந்தது. கட்டை விரலால் குதிகாலில் அழுத்தித் தேய்த்தாள். வேண்டாம், இப்போது இதைச் செய்யாதே, என்று ஆவுடை நினைத்தாள், இன்றைக்கென்று பார்த்து இதைச் செய்யாதே. ஏனென்றால் இன்றைக்கு உலகநாயகிக்கு இருபத்திரண்டாவது வாரம். ஏனென்றால் மூன்று வாரத்துக்கு முன்னால் உலகநாயகிக்குத் தங்கள் வீட்டில்தான் ஐந்தாம் மாதப் பூச்சூட்டல், கூடத்தில் மனை போட்டு உட்கார்த்தி வைத்து, ஒவ்வொருத்தியாகப் போய்ப் பூ வைத்து, சந்தனம் தடவி, வளையல் போட்டுவிட்டு வந்தார்கள், ஆவுடை தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களை வாசலைத் தாண்டியபோது சங்கரவடிவு குறுக்கே வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். "நீ தொட வேண்டாம். உனக்கு உள்ளுக்குள்ள அது இருக்குன்னு டாக்டரே சொல்லியிருக்காக. வயித்துப் பிள்ளைக்காரி. தொத்திச்சுன்னா?" தொற்றாது அத்தை, அது காய்ச்சல் இல்லை அத்தை, எல்லாருக்கும் இருப்பது அத்தை, உங்களுக்கும் இருக்கிறது. அறுபது பேர் முன்னால் எதைச் சொல்ல. உலகநாயகி மனையில் இருந்தபடியே, கன்னத்துச் சந்தனம் காய்ந்து வெடிக்க, "விடும்மா, மதினி அந்தப் பாயாசத்தைக் கிண்டட்டும்" என்றாள், ரொம்ப நல்லவள்போல. அன்றைக்குப் பாயாசம் கிண்டினாள். இரண்டு நாள் கழித்து நாதனின் ஸ்கூட்டர் பெட்டியில் ஹெல்மெட் துணியைத் தேடும்போது மடித்த காகிதம் கையில் வந்தது. மதுரையில் முன்பு பார்த்த டாக்டர் தங்கள் இருவர் ரத்தத்தையும் வாங்கிச் சோதனைக்கு அனுப்பியது அவளுக்கு நினைவிருந்தது, எல்லாம் நார்மல் என்று நாதன் சொன்னதும் நினைவிருந்தது. காகிதத்தில் நாதனின் பெயருக்குக் கீழே ஜோடி ஜோடியாக வரிக் கம்பிகள் மாதிரி குரோமோசோம்கள், அதில் இரண்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஒன்றின் துண்டு உடைந்து இன்னொன்றில் ஒட்டியிருக்கிறது, இன்னொன்றின் துண்டு இதில். மொத்தத்தில் கூடவுமில்லை குறையவுமில்லை, ஆகவே அவனுக்கு ஒரு கேடும் இல்லை, ஆனால் பிள்ளைக்குப் பாதியைப் பிரித்துக் கொடுக்கும்போது கணக்கு பிசகும், பிசகினவற்றில் அநேகம் எட்டு வாரத்தில் போகும். சில போகாது. சில பிறக்கும், பிறந்து என்ன பாடுபடும் என்றும் அந்தக் காகிதத்தில் இருந்தது, கடைசி வரி கூடப் பிறந்தவர்களையும் சோதிக்கவும் என்றது. காகிதத்தை நீட்டியதும் நாதன் மாடிப்படியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதான், "அம்மாட்ட மட்டும் சொல்லிராத ஆவுடை, உன் காலைப் பிடிக்கேன்" என்று நிஜமாகவே பிடித்தான். சரி என்றாள்.

சரி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆனது. அதுதான் சுற்றிச் சுற்றி வந்து இடறுகிற இடம். ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. அவன் அழுததற்காகச் சொன்ன சரி இல்லை அது. கூடப் பிறந்தவர்களையும் என்ற வரியை அவள் வாசித்து முடித்திருந்தாள், மனையும் சந்தனமும் வளையல் சத்தமும் அதே நிமிடத்தில் காதில் விழுந்தன, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவனுக்குத் தெரியாது. அவன் தன் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததாக நினைத்து நன்றியோடு பால் வாங்கி வருகிறான். அப்போது பத்தொன்பதாவது வாரம். உலகநாயகிக்கு இது இருக்கலாம், பாதிக்குப் பாதி, இருந்தாலும் வயிற்றில் இருப்பது தப்பித்திருக்கலாம், ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள், ஸ்கேனில் எல்லாம் தெரிந்துவிடாது. வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுத்துப் பார்த்தால் தெரியும், முடிவு வர இரண்டு வாரம். இருபத்துநான்கு வரை இரண்டு டாக்டர்கள் கையெழுத்துப் போட்டால் கலைக்க முடியும், அதற்குப் பிறகு மருத்துவக் குழு வைத்து, காகிதம் காகிதமாகக் கொடுத்து, கெஞ்சி, அலைந்து. பத்தொன்பதில் சொல்லியிருந்தால் நேரம் இருந்தது. இருபதில் இருந்தது. இருபத்தொன்றில், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற வேளையில் செருப்பை மாட்டிக்கொண்டு, சொல்லிவிடலாம் என்று திரும்பினாள், சங்கரவடிவு அவள் குடித்த டம்ளரைத் தனியாகக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அந்தப் பிள்ளை உன்னை என்ன செய்தது. அந்தப் பிள்ளை ஒன்றும் செய்யவில்லை. அது டம்ளர் கழுவவில்லை, தட்டை வாங்கவில்லை, அது பாட்டுக்கு இருட்டில் புரண்டுகொண்டிருக்கிறது, அதை நினைத்தால் கை தாழ வேண்டும், தாழ்கிறதா என்று தன்னையே தொட்டுப் பார்த்தாள், கொஞ்சம் தாழ்கிறது, முழுக்க இல்லை. இன்றைக்கு இருபத்திரண்டு. இன்றைக்குச் சொன்னால் நூலிழை மிச்சம். நாளைக்குச் சொன்னால் சொல்லாததுபோலத்தான். குதிகாலில் கட்டை விரல் வட்டம் வட்டமாகத் தேய்த்தது. இப்படியே தேய்த்துக்கொண்டிரு, ஒரு வார்த்தை சொல்லு, என்ன வார்த்தை என்று எனக்கே தெரியவில்லை, பசிக்குதா என்றுகூடப் போதும், சொல்லிவிடுகிறேன், அழாமல் மெதுவாக உன் தோளைப் பிடித்துக்கொண்டு சொல்லுகிறேன்.

"பசிக்குதாட்டி? எலுமிச்சஞ்சாதம் இருக்கு" என்றாள் சங்கரவடிவு. ஆவுடை கண்ணைத் திறந்து, வாயையும் திறந்த அந்த நொடியில் கூடைக்குள் போன் அடித்தது. சங்கரவடிவுக்குக் காதில் வைத்துப் பேசத் தெரியாது, ஸ்பீக்கரில்தான் போடுவாள். "அம்மா, எங்க இருக்க? அந்த ஆஸ்பத்திரியிலயா? அவ பக்கத்துலயா உக்காந்திருக்க?" வாயில் எதையோ போட்டு மென்றுகொண்டே பேசினாள் உலகநாயகி, முறுக்கோ காராச்சேவோ. "ஆமா, ஏத்திட்டு இருக்காங்க." "நாளைக்கு இங்க வாரேன்னு சொன்னியே, அந்தச் சேலையோட வந்துராதம்மா. தலைக்கு ஊத்திட்டு வேற கட்டிட்டு வா. நான் சொல்லலை, எங்க மாமியார் சொல்லுதாவ, முதல் பிள்ளைல்லா." "சரிட்டி, நான் என்ன சின்னப் பிள்ளையா, எனக்குத் தெரியாதா. எல்லாம் குளிச்சிட்டுத்தான் வருவேன்" என்று சங்கரவடிவு சொன்னாள். சொல்லிக்கொண்டே இன்னொரு கையைப் பாதத்திலிருந்து எடுத்தாள். எடுத்ததை அவளே கவனிக்கவில்லை. போனை வைத்துவிட்டு அந்தக் கையைச் சேலை முந்தானையில் துடைத்தாள், அதையும் கவனிக்கவில்லை. பிறகு கூடையில் சாதத்தைத் தேடத் தொடங்கினாள்.

கொல்கிறபோது இந்தக் கொல்லி செல் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள், கடிக்குமா டீச்சர், விழுங்குமா டீச்சர் என்று. விழுங்குவது வேறு செல்கள். இது பக்கத்தில் போய் ஒட்டி நிற்கும், நெற்றியோடு நெற்றி வைப்பதுபோல, எதிராளியின் தோலில் சின்னத் துளைகள் போடும், துளை வழியாகக் கொஞ்சம் எதையோ உள்ளே அனுப்பும், அவ்வளவுதான். அதன்பிறகு அந்தச் செல்லே தன்னைத் தான் உள்ளிருந்து பிரித்துக்கொள்ளத் தொடங்கும், ஒழுங்காக, அறை அறையாக. கொன்றது அதைப் பார்க்க நிற்காமல் அடுத்த ஆளைத் தொடப் போயிருக்கும். ஆவுடை தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரல் வகுப்புக் குரலாக இருந்தது, நிதானமாக, இரண்டு மதிப்பெண்ணுக்கு உள்ளதுபோல. "அத்தை, உலகுக்கு ஒரு டெஸ்ட் எடுக்கணும். இன்னைக்கே எடுக்கணும்." "எதுக்கு? அவளுக்கு என்ன?" "உங்க மகனுக்கு இருக்கிறது அவளுக்கும் இருக்கான்னு பாக்கணும்." சங்கரவடிவின் கை சாதப் பொட்டலத்தின் மேலேயே நின்றது. "அவனுக்கு என்ன இருக்கு?" ஆவுடை போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள், சிவப்பு வட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள், துண்டு மாறி ஒட்டியிருப்பதைச் சொன்னாள், அவனுக்கு ஒன்றும் செய்யாது, பிள்ளைக்குப் போகும்போதுதான் என்றாள், நம்முடைய நான்கும் அதனால் போயிருக்கும் என்றாள், போகாமல் தங்குவதும் உண்டு, அது எப்படிப் பிறக்கும் என்பதை மூன்று வாக்கியத்தில் சொன்னாள். ஒரு வாக்கியம் போதும். மூன்று சொன்னாள். "பொய் சொல்லுத" என்றாள் சங்கரவடிவு. "அவர்ட்டயே கேளுங்க. மாசக்கணக்கா ஸ்கூட்டர் பெட்டியில வச்சிருந்தாக."

சங்கரவடிவு மகனுக்குப் போன் போடவில்லை. கீழே இயந்திரம் ஓடி நின்றது. முகத்தில் எதுவும் நடக்கவில்லை, உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்தது, எண்ணுகிறாள் என்று ஆவுடைக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "நாதனுக்கு முன்ன ரெண்டு போச்சு" என்றாள் சங்கரவடிவு, தன்னிடமே சொல்வதுபோல. "அவனுக்கும் உலகுக்கும் நடுவுல ரெண்டு. கடைசி ஒண்ணு ஆறு நாள் இருந்துச்சு. அழவே இல்ல அது. பால் குடிக்கத் தெரியல." மறுபடி உதடு அசைந்தது. "இது எங்கிருந்து வந்திருக்கும்? மாமா பக்கத்துலேர்ந்து வந்திருக்கலாம்லா?" "இருக்கலாம். புதுசாவும் வந்திருக்கலாம். மாமா இப்ப உயிரோட இல்ல. உங்க ரத்தத்தை எடுத்துப் பாத்தா தெரிஞ்சிரும்" என்றாள் ஆவுடை, சொல்லும்போது நாக்கில் ஓர் இனிப்பு ஊறியதை அவளால் மறைத்துக்கொள்ள முடியவில்லை, தனக்குத்தானே மறைக்க முடியவில்லை. சங்கரவடிவு தன் முன்கையைத் திருப்பி நரம்பைப் பார்த்தாள், யாரோ ஒருத்தியுடைய கையைப் பார்ப்பதுபோல. பிறகு கேட்டாள், "எப்பம் தெரியும் உனக்கு?" "மூணு வாரமாச்சு." விரல் கணுக்களில் கட்டை விரல் நகர்ந்தது. மகளின் வாரம் அவளுக்கும் மனப்பாடம். "பத்தொம்பது" என்றாள். "நாள் கடந்தா என்ன ஆகும்?" "இருபத்திநாலு வரைக்கும்தான் லேசு. டெஸ்ட் முடிவு வரவே ரெண்டு வாரம்."

அப்போதுதான் சங்கரவடிவு அவளை நேராகப் பார்த்தாள். அடிப்பாள் என்று ஆவுடை நினைத்தாள், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். அடிக்கவில்லை. ஒன்பது வருடத்தில் இப்படி ஒரு முறைகூடப் பார்த்ததில்லை அவள், முகத்தைத் தடவித் தடவி எதையோ தேடி எடுப்பதுபோலப் பார்த்தாள், எடுத்தும்விட்டாள். "மூணு வாரமா என் கையால சோறு வாங்கித் தின்னுட்டு, நான் பேசுறதெல்லாம் கேட்டுட்டு, வாயத் தொறக்காம நாளை எண்ணிட்டு இருந்திருக்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. கிட்டத்தட்ட மரியாதை மாதிரி ஒன்று இருந்தது. "இப்பம்தான்டி நீ எங்க வீட்டுக்காரி ஆயிருக்க." போனை எடுத்தாள், மகளின் படத்தை அழுத்தினாள், மணி போகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அதை ஊசி குத்தாத கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். "சொல்லு. எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லு, ஒண்ணையும் குறைக்காத." ஆவுடை மாட்டேன் என்று தலையசைத்தாள், அது நிஜமாகவே மாட்டேன்தான், கையில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது என்று அவள் நினைத்திருந்தாள். "ஹலோ, அம்மா?" என்றாள் உலகநாயகி. பின்னால் டிவியில் யாரோ சிரித்தார்கள், கரகரவென்று மெல்லுகிற சத்தம் கேட்டது. "சொல்லும்மா, கேக்குதா?"

"உலகு, நான்தான்" என்றாள் ஆவுடை.

மெல்லுகிற சத்தம் நின்றது.